ரெஃப்யூஜியத்துல முதல்ல எதை விடறது? (காட்பாடி, 3 அடி ரீஃப் டேங்க்)

காட்பாடி_ரீஃப் | பிப்ரவரி 8, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவை எழுதறேன்.

பவளமும் மீனும் வளர்க்கற உப்புத்தண்ணி டேங்க், 3 அடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம். சம்ப்போட (கீழ இருக்கற துணைத் தொட்டி) சேர்த்து ஓடற தண்ணி சுமார் 220 லிட்டர். மீன்ல ஒரு ஜோடி க்ளௌன், ஒரு வாட்ச்மேன் கோபி, கூட ஒரு பிஸ்டல் இறால். பவளத்துல ஸோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு லெதர் இருக்கு. கல் எல்லாம் செராமிக். ஆரம்பிச்சு 14 மாசம் ஆச்சு. கழிவுல சேர்ற நைட்ரேட் 20, பாஸ்பேட் 0.25 (லிட்டருக்கு மில்லிகிராம்). ரெண்டு நாள் விட்டா முன் கண்ணாடி பச்சையாயிடுது.

சம்ப்ல நடு அறை 35 லிட்டர், இத்தனை நாளா சும்மாதான் கிடக்குது. அதை ரெஃப்யூஜியம் (பாசியும் பொடி உயிருங்களும் வளர்ற அறை) ஆக்கலாம்னு இருக்கேன். சென்னையில ஒரு கடையில கேட்டேன், ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்க: கீட்டோ, காலர்பா (ரெண்டும் பாசி), அலையாத்தி நாற்று நாலு, சேறு 5 கிலோ, உடைகல், ஹெர்மிட் நண்டு பத்து, நத்தை இருபது, காப்பிபாட் (மீன் தின்னற பொடிப் பொடி உயிர்) பாட்டில் ரெண்டு. எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கிட்டு வந்து விட்டுடலாம்னாங்க. வீட்ல மாண்டரின் மீன் மேல ரொம்ப ஆசை, அதுக்குத் தீனி காப்பிபாட்தான், அதுக்காகவும்தான் இந்த ஏற்பாடு. சீட்டு சரியா? ஏதாச்சும் விட்டுப்போச்சா?

பாகாயம்_உப்புத்தண்ணி | பிப்ரவரி 8, இரவு 11.15

தம்பி, அந்தச் சீட்டுல பாதிக்கு மேல அடிக்கணும். மீதியையும் ஒரே நாள்ல விடாதீங்க.

ரெஃப்யூஜியம்னா புகலிடம். அங்க வாழ வர்ற சின்ன உயிருங்களைத் தின்ன யாரும் இருக்கக்கூடாது. இந்த ஒண்ணை மனசுல வெச்சுக்கிட்டா சீட்டு தானா சுருங்கும். ஹெர்மிட் நண்டு கையில கிடைக்கிறதையெல்லாம் கிளறித் தின்னும், அது வேண்டாம். 35 லிட்டர்ல நத்தை இருபது விட்டா பாதி பட்டினியில சாகும், செத்த நத்தை நாத்தம் உங்க டேங்குக்குத்தான் வரும். அலையாத்தி பார்க்க அழகு, ஆனா அது மரம். வளர வருஷக்கணக்காகும், அது இழுக்கிற நைட்ரேட் உங்க க்ளௌன் ஜோடி போடற கழிவுக்குக் காணாது. இலையில படியற உப்பைத் தினமும் நல்ல தண்ணி தெளிச்சுக் கழுவவும் வேணும். சேறு இப்ப அவசரமில்லை.

மீதி மூணு. கீட்டோ, காப்பிபாட், அதுங்க ஒளிய ஒரு கை உடைகல். இதே வரிசையிலயும் விடக்கூடாது: முதல்ல உடைகல், அடுத்து கீட்டோ, அது வேகம் பிடிச்சு வளர ஆரம்பிச்ச பிறகு காப்பிபாட். பாசி வளராத தொட்டியில காப்பிபாட் ஊத்தினா ஒரே வாரத்துல காணாமப் போயிடும், பாட்டில் காசு தண்டம்.

எனக்கு ஒன்பது வருஷமா உப்புத்தண்ணி டேங்க் இருக்கு. முதல் நாலு வருஷம் ரெஃப்யூஜியத்துல எதையாவது சேர்த்துக்கிட்டே இருந்தேன். அதுக்கப்புறம் எடுத்துக்கிட்டே வந்தேன். எடுக்க எடுக்கத்தான் நல்லாச்சு.

குடியாத்தம்_குமிழி | பிப்ரவரி 9, காலை 7.05

அக்கா சொல்றது கரெக்ட்டு. ஆனா காலர்பாவை இன்னாத்துக்கு வேணாம்னுட்டீங்க? கடல் திராட்சை மாதிரி கொத்துக் கொத்தா வர்றது எங்கிட்ட கீது. பார்க்கவே கண்ணுக்கு நிறைவா இருக்கும். கீட்டோவை விட வேகமாவும் வளருது.

ஆம்பூர்_ஆழி | பிப்ரவரி 9, காலை 9.30

குமிழி அண்ணா, எனக்கு நடந்ததைச் சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

மூணு வருஷம் முன்ன மே மாசம். என் ரெஃப்யூஜியம் முழுக்க காலர்பா, ஒரு சாண் அடர்த்தி. ஒரு சாயங்காலம் பார்த்தா இலையெல்லாம் ஒரே பச்சையா இல்லாம வலை பின்னின மாதிரி திட்டுத் திட்டா இருந்துச்சு. நுனியில வெளுப்பு. உரம் பத்தலைன்னு நினைச்சு இரும்புச்சத்து சொட்டு ரெண்டு விட்டுட்டுத் தூங்கிட்டேன். காலையில ஆறு மணிக்கு எழுந்து பார்த்தா டேங்க்ல அரிசி கழுவின தண்ணியில பச்சை கலந்த மாதிரி நிக்குது, எதிர்ப்பக்கம் தெரியலை. காலர்பா இருந்த இடத்துல கண்ணாடிக் காகிதம் மாதிரி வெறும் தோல் மிதக்குது. டாங் மீன் மேல வந்து வாயைப் பிளந்துட்டு இருந்துச்சு, மத்தியானம் போயிடுச்சு. அப்புறம் ரெண்டு ஆந்தியாஸ் மீனும் போச்சு.

பின்னாடி படிச்சுத்தான் காரணம் தெரிஞ்சுக்கிட்டேன். காலர்பா எவ்வளவு பெரிசா படர்ந்தாலும் உடம்பு முழுக்க ஒரே செல், உள்ள தடுப்பே கிடையாது. இனப்பெருக்கத்துக்குத் திரும்பிடுச்சுன்னா உடம்புல இருக்கிற மொத்தச் சரக்கையும் விடியற நேரத்துல தண்ணியில விட்டுட்டுச் செத்துடும். அது பிடிச்சு வெச்சிருந்த நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் ஒரே காலையில திரும்ப வந்துடும். ஆக்ஸிஜனும் விழுந்துடும். அப்படித் திரும்பக்கூடாதுன்னுதான் சில பேர் 24 மணி நேரமும் விளக்கு போட்டு வெக்கறாங்க, அடிக்கடி வெட்டறாங்க. நம்ம ஊர் கரண்ட்டுல, நம்ம ஊர் சூட்டுல அந்த வம்பு எனக்கு வேண்டாம்னு விட்டுட்டேன். கீட்டோ அந்த மாதிரி கூண்டோட போகாது. வாடினாலும் ஒரு மூலையில வெளுத்து ரெண்டு நாள் அவகாசம் குடுக்கும்.

குடியாத்தம்_குமிழி | பிப்ரவரி 9, காலை 10.10

டாங் போனதைப் படிச்சிட்டு மனசு கேக்கலை தம்பி. எங்கிட்ட அது ரெண்டு வருஷமா அமைதியா இருந்ததுல தைரியமா இருந்துட்டேன். இந்த வாரமே பாதியை எடுத்துடறேன்.

மண்டபம்_கரை | பிப்ரவரி 9, பகல் 1.20

நான் ராமநாதபுரம் மாவட்டம், பொழைப்பு ராணிப்பேட்டையில. காலர்பாவை எடுக்கறவங்க அதைப் பாலாத்துலயோ ஏரியிலயோ கொட்டாதீங்க. நல்ல தண்ணியில அது சாகும்தான், ஆனாலும் அந்தப் பழக்கமே கூடாது. ஊருக்குப் போறப்ப கடல்ல விட்டுடலாம்னு யாராச்சும் நினைச்சா அது இன்னும் மோசம். 1980-கள்ல மொனாக்கோ பக்கம் மத்திய தரைக்கடல்ல காலர்பா டாக்ஸிஃபோலியா இப்படித்தான் பரவ ஆரம்பிச்சுது. எங்க பக்கமே பாருங்க, வருமானத்துக்குன்னு கொண்டு வந்து கயித்துல கட்டி வளர்க்கற கப்பாஃபைகஸ் பாசி, மன்னார் வளைகுடாவுல குருசடைத் தீவுப் பவளத்து மேல ஏறிடுச்சு. நம்ம தொட்டிப் பாசி தொட்டியோட இருக்கட்டும்.

இன்னொண்ணு. உடைகல், பாசின்னு சொல்லி கடலோரத்துல பொறுக்கலாம்னு சில பேர் கிளம்புவாங்க. பவளக்கல்லைத் தொடாதீங்க. கல்பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது. செத்த பவளக்கல்லுக்கும் அது பொருந்தும். மன்னார் வளைகுடாவுல 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. செராமிக் உடைகல் போதும். நாலு மாசத்துல அதுலயும் உயிர் குடியேறிடும்.

எங்க ஊர்ப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கிட்டு, காலுக்குத் தகடு கட்டிக்கிட்டு முங்கி எடுக்கற மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசியில, கஞ்சிப் பாசி கிராசிலேரியா வகை. ரெஃப்யூஜியத்துல நல்லா வரும், டாங் இருந்தா ஆசையா தின்னும். ஆனா கடல்லயிருந்து நேரா எடுத்து டேங்க்ல போட்டா ஒட்டுண்ணியும் கூடவே வரும். அக்கா, அந்த விஷயத்தை நீங்க விளக்கமா எழுதுங்க.

பாகாயம்_உப்புத்தண்ணி | பிப்ரவரி 9, இரவு 10.50

நல்ல நேரத்துல எடுத்துக் குடுத்தீங்க, கரை. இதை நேத்தே எழுதியிருக்கணும்.

கீட்டோ பெரும்பாலும் கடையில மீன் இருக்கிற தொட்டியிலயோ அதோட சேர்ந்த சம்ப்லயோதான் கிடக்கும். மீன் மேல வெள்ளைப் புள்ளி போடற கிரிப்டோகேரியான் தன் வாழ்க்கையில ஒரு பகுதியை மீனை விட்டு இறங்கி எங்கயாவது ஒட்டி முட்டை மாதிரி உறைஞ்சு கழிக்கும். பாசி நூல்லயும் ஒட்டலாம். அதைக் கொண்டு வந்து நேரா சம்ப்ல போட்டா நோயையும் விலை குடுத்து வாங்கின கணக்கு. மீனில்லாத தொட்டியில 76 நாள் வெச்சிருந்தா ஏற மீன் கிடைக்காம அது செத்துடும். நல்ல தண்ணியில முக்கியும் எடுக்கலாம்னு சொல்றாங்க. முக்கினா புண்ணியமா வந்த பாட் (காப்பிபாட்டோட சுருக்கம்), குட்டி நட்சத்திர மீன் எல்லாம் சேர்ந்து சாகும். அதனால காத்திருக்கறதே நல்லது.

தம்பி, 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒண்ணு வாங்குங்க. டேங்க்ல தண்ணி மாத்தறப்ப எடுக்கற தண்ணியையே அதுல ஊத்துங்க. ஒரு ஏர் பம்ப், ஒரு எல்இடி போதும். கீட்டோ அதுல 76 நாள் இருக்கட்டும். பாட் பாட்டிலையும் அதுலயே ஊத்துங்க. காத்திருக்கற காலம் வீணாகாது, டப்பே பண்ணையாயிடும்.

ராணிப்பேட்டை_லேப் | பிப்ரவரி 10, காலை 8.15

நான் கழிவுநீர் பரிசோதனை வேலையில இருக்கேன், அதனால கணக்கு மட்டும் எழுதறேன்.

கடல் பாசிகளோட உடம்புல கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் விகிதம் சராசரியா 550:30:1. இது 1983-ல அட்கின்சன், ஸ்மித் ரெண்டு பேர் வெளியிட்ட கணக்கு. இதை நம்ம டெஸ்ட் கிட் அளவுக்கு மாத்தினா, கீட்டோ 1 பங்கு பாஸ்பேட் இழுக்கறப்ப கிட்டத்தட்ட 20 பங்கு நைட்ரேட்டை இழுக்கும். உங்க பாஸ்பேட் 0.25 இறங்கணும்னா நைட்ரேட் 5 குறையும். உங்ககிட்ட 20 இருக்கு, அதனால ஆரம்பத்துல பிரச்சினை வராது. ஆனா பாஸ்பேட் கல்லுக்குள்ளயும் ஊறி உட்கார்ந்திருக்கும், தண்ணியில குறையக் குறைய வெளிய வரும். அப்ப நைட்ரேட் முதல்ல சைபர் ஆயிடும், பாஸ்பேட் பாக்கி நிக்கும், பாசி வளர்ச்சி நின்னுடும். பாசி வளரலைன்னு விளக்கைக் கூட்டறதுக்கு முன்ன நைட்ரேட் பாருங்க.

தண்ணிக்கு என்ன பண்றீங்க? எங்க வீட்டு போர் டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்பு அளவு) 1,400.

காட்பாடி_ரீஃப் | பிப்ரவரி 10, இரவு 8.30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

லேப் சார், எங்க போர் 1,150 காட்டுது. ஆர்ஓ தாண்டி 60, டிஐ (மீதி உப்பையும் பிடிக்கற ரெசின்) தாண்டி சைபர். டிஐ ரெசின் மூணு மாசத்துல பழுப்பாயிடுது. ஆர்ஓ கழிச்சு விடற தண்ணியை மாடி கழுவ வெச்சுக்கறோம்.

சனிக்கிழமை காலை ரயில்ல சென்னை கொளத்தூருக்குப் போறேன். ரெண்டு கைப்பிடி கீட்டோ, ஒரு பாட்டில் பாட், அவ்வளவுதான்.

காட்பாடி_ரீஃப் | பிப்ரவரி 15, காலை 6.50

வாங்கிட்டு வந்தாச்சு. தண்ணியில போட்டுக் கட்டித் தர்றேன்னாங்க. வேணாம், உப்புத்தண்ணியில நனைச்ச பேப்பர்ல சுத்தித் தெர்மாகோல் பெட்டியில வெச்சுக் குடுங்கன்னு கேட்டேன். காட்பாடி வந்து பிரிச்சப்ப வாடவே இல்லை. பச்சை நைலான் நூலைப் பந்து சுத்தின மாதிரி மொறுமொறுன்னு இருக்கு. ஒரு இழையை இழுத்தா அறுபடாம விறைப்பா நிக்குது. டப்ல போட்டாச்சு. இன்னிக்கு முதல் நாள்.

பாகாயம்_உப்புத்தண்ணி | பிப்ரவரி 15, காலை 7.20

அந்த மொறுமொறுப்பை விரல் ஞாபகத்துல வெச்சுக்கோங்க. கீட்டோ நல்லா இருக்கா இல்லையான்னு கண்ணை விட விரலுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். வழவழன்னு ஆனா, வெளுக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஏதோ சரியில்லைன்னு அர்த்தம்.

பாட்டில்ல என்ன வகை?

காட்பாடி_ரீஃப் | பிப்ரவரி 15, காலை 7.45

டிஸ்பியும் டிக்ரியோப்பஸும் கலந்ததுன்னு போட்டிருக்கு.

பாகாயம்_உப்புத்தண்ணி | பிப்ரவரி 15, காலை 8.10

சந்தோஷம். டிக்ரியோப்பஸ் பெரிசா, செக்கச்செவேல்னு, திறந்த தண்ணியில துள்ளித் துள்ளி ஓடும். நமக்கு நல்லாத் தெரியும், மீனுக்கும் அப்படியே தெரியும், அதனால டேங்குக்குள்ள ரொம்ப நாள் நிக்காது. நீங்க நம்ப வேண்டியது டிஸ்பியை. பொடிசு, வெள்ளைப் புள்ளி மாதிரி கல்லுலயும் கண்ணாடியிலயும் ஊரும். ஒளியத் தெரிஞ்சது. டேங்குல நிலைச்சுக் குடும்பம் நடத்தறது அதுதான்.

தினம் ஃபைட்டோ (பாட் தின்னற நுண்பாசித் தண்ணி) கொஞ்சம் விடுங்க. தண்ணியில லேசாப் பச்சை தெரியணும், மறுநாள் காலையில தெளிஞ்சிருக்கணும். தெளியலைன்னா அன்னிக்கு விடாதீங்க.

காட்பாடி_ரீஃப் | மார்ச் 7, இரவு 11.30

இன்னிக்கு 21-வது நாள். டார்ச் அடிச்சு டப்பைப் பார்த்துட்டு இருந்தேன். கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் மொண்டு வெளிச்சத்துக்கு எதிர்ல பிடிச்சா தூசி மாதிரி புள்ளிங்க, ஒவ்வொண்ணும் தானா திசை மாத்தி ஓடுது. சில பெண் பாட்டுக்கு வால்கிட்ட முட்டைப் பை தெரியுது. என் பொண்ணு பூதக்கண்ணாடி வெச்சுப் பதினஞ்சு நிமிஷம் எண்ணிப் பார்த்தா, 60-க்கு மேல முடியலைன்னு விட்டுட்டா.

ஆனா இன்னொண்ணையும் பார்த்தேன். கீட்டோவுக்கு நடுவுல பழுப்பா, பட்டாணியில பாதி அளவு, சுத்தி மயிர் மாதிரி கை. குச்சியால தொட்டதும் சடக்குனு உள்ள போயிடுச்சு. ஐப்டேசியாதானே?

ஆம்பூர்_ஆழி | மார்ச் 7, இரவு 11.50

ஐப்டேசியாவேதான், களை மாதிரி பரவற அனிமோன். பிய்க்காதீங்க. ஒரு துணுக்கு விட்டாலும் அதுலயிருந்து புதுசா முளைச்சுடும். அது ஒட்டியிருக்கிற பாசியைச் சுத்தி ஒரு உள்ளங்கை அளவு கத்திரியால வெட்டி அப்படியே தூக்கிக் குப்பையில போடுங்க. நேரா சம்ப்ல விட்டிருந்தா இன்னேரம் உங்க ஸோவாந்தஸ் நடுவுல உக்காந்திருக்கும்.

காட்பாடி_ரீஃப் | மார்ச் 8, காலை 6.15

வெட்டி எடுத்தாச்சு. பக்கத்துலயே இன்னொண்ணு இருந்துச்சு, அதுவும் போச்சு. தினமும் ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்க்கறேன்.

குடியாத்தம்_குமிழி | மார்ச் 9, காலை 7.00

ஒரு சந்தேகம். அடியில மணல் நாலு அங்குலம் போட்டா நைட்ரேட்டை அதுவே உடைக்கும்னு சொல்றாங்களே, தம்பி ஏன் போடலை?

ராணிப்பேட்டை_லேப் | மார்ச் 9, காலை 8.40

உடைக்கும், தப்பில்லை. ஆழத்துல ஆக்ஸிஜன் இல்லாத அடுக்குல பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேத்தும். ஆனா சம்ப்ல அந்த அறைக்குத்தான் எல்லா அழுக்கும் வந்து படியும். ரெண்டு வருஷத்துல மணலுக்குள்ள கறுப்பு அடுக்கு வந்து, தெரியாம கிளறினா அழுகின முட்டை நாத்தம் வரும். அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு மீனுக்கு விஷம். வெறும் தரை, மேல உடைகல், மாசம் ஒரு தரம் குழாய் வெச்சு அழுக்கை உறிஞ்சி எடுக்கற வழி, இதுதான் என் ஓட்டு. மணலை நம்பி நல்லா ஓட்டறவங்களும் இருக்காங்க, அவங்க கை பக்குவம் எனக்கு வரலை.

காட்பாடி_ரீஃப் | ஏப்ரல் 19, பகல் 3.10

வெளிய 41 டிகிரி. டேங்க் தண்ணி 30.5. இன்னும் 12 நாள்ல 76 முடியுது. மே 4 கத்திரி ஆரம்பம். ஜூன்ல மழை விழற வரைக்கும் டப்லயே விட்டுடவா, இல்ல கத்திரிக்கு முன்ன மாத்திடவா? ஃபேன் இல்லை, சில்லர் வாங்க வசதியில்லை.

பாகாயம்_உப்புத்தண்ணி | ஏப்ரல் 19, மாலை 6.30

முதல்ல தண்ணியைக் குளிர வைங்க, பாசியை அப்புறம் பார்க்கலாம்.

சம்ப் மேலயும் டேங்க் மேலயும் ஒவ்வொரு சின்ன ஃபேன் மாட்டுங்க, காத்து தண்ணி மேல சாய்வா உரசிட்டுப் போகணும். உங்க 220 லிட்டர்ல 1 லிட்டர் ஆவியானா, வெளியிலிருந்து சூடு வராத பட்சத்துல, சுமார் 2.5 டிகிரி இறங்கும். சூடு வந்துக்கிட்டேதான் இருக்கும், அதனால நாளெல்லாம் ஆவியாக விடணும். வேலூர் வெயில்ல காத்து காய்ஞ்சு கிடக்கு, அதுதான் நமக்குக் கைகொடுக்கிற விஷயம். சென்னைக்காரங்களுக்கு இந்த வழி இவ்வளவு பலன் தராது, அவங்க காத்துல ஈரம் அதிகம். எங்க வீட்ல மே மாசம் தினம் 6 லிட்டர் போகும், தண்ணி 28 தாண்டாது. ஆவியாறது நல்ல தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயே நிக்கும். அதனால சைபர் டிடிஎஸ் தண்ணியைத்தான் ஊத்தணும், உப்புத்தண்ணி கூடாது. ஆட்டோ டாப்-அப் இல்லைன்னா காலை மாலை ரெண்டு வேளை கையால ஊத்துங்க. ஒரேயடியா ஊத்தினா உப்பு அளவு குதிக்கும்.

விளக்கும் சூடுதான். 30 வாட் எல்இடின்னா கடைசியில அந்த 30 வாட்டும் சூடாத்தான் முடியும். அதைப் பகல்ல எரிக்காதீங்க. மேல டேங்க் விளக்கு அணைஞ்ச பிறகு, ராத்திரி 9-லிருந்து காலை 9 வரைக்கும் எரியட்டும். ராத்திரியில டேங்க்ல எல்லாம் மூச்சு விட்டுக் கார்பன் டை ஆக்ஸைடு ஏறி பிஹெச் இறங்கும். அந்த நேரத்துல கீழ கீட்டோ அதை இழுத்துட்டு ஆக்ஸிஜன் குடுக்கும்.

கரண்ட் போனா மட்டும் கவனம். விளக்கில்லாத கீட்டோவும் ஆக்ஸிஜனைத் தின்னும். கடல் தண்ணியில 25 டிகிரியில லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்ஸிஜன் நிக்கும், 32-ல 6 கிட்டதான். பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி மீன் இருக்கிற டேங்க்ல போடுங்க.

தண்ணி ஒரு வாரம் தொடர்ந்து 28.5-க்குள்ள நின்னா கத்திரிக்கு முன்னயே மாத்திடுங்க. டப்ல வெறும் 40 லிட்டர், அது உங்க டேங்கை விட வேகமா சூடாகும். அங்க விட்டு வெக்கறதுதான் அபாயம்.

காட்பாடி_ரீஃப் | மே 2, காலை 5.40

மாத்தியாச்சு. ஃபேன் ரெண்டு மாட்டின பிறகு எட்டு நாளா 28.2 தாண்டலை.

நேத்து ராத்திரி 11 மணிக்கு டேங்க் விளக்கு அணைச்சு, ரிட்டர்ன் பம்பை நிறுத்தினேன். டப் தண்ணி 29, சம்ப் 28. உப்பு ரெண்டுலயும் 35. அரை மணி நேரம் சம்ப் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா டப்ல கலந்தேன். ஏற்கெனவே நடு அறையில போட்டிருந்த உடைகல்லு மேல கீட்டோவை வெச்சேன். வாங்கறப்ப ரெண்டு கைப்பிடி, இப்ப ஒரு தேங்காய் அளவு. டப்ல மீதி நின்ன பாட் தண்ணியை ரெண்டா பிரிச்சு, பாதியை அந்த அறையில, பாதியை மேல கல் இடுக்குல குழாய் வெச்சு மெதுவா விட்டேன். க்ளௌன் ரெண்டும் அனிமோன்ல படுக்கற மாதிரி லெதர் பவளத்துல சுருண்டு தூங்கிட்டிருந்துச்சு. ஒரு மணிக்கு பம்ப் போட்டேன்.

வீட்ல எல்லாரும் முழிச்சிருந்தோம்.

குடியாத்தம்_குமிழி | மே 2, காலை 6.20

படிக்கறப்பவே நான் பக்கத்துல நின்ன மாதிரி கீது தம்பி. நல்லா வரும்.

காட்பாடி_ரீஃப் | மே 30, இரவு 9.00

நாலு வாரம். நைட்ரேட் 20-லிருந்து 6. பாஸ்பேட் 0.25-லிருந்து 0.16. கண்ணாடி துடைக்கறது வாரத்துக்கு ஒரு தரம் ஆயிடுச்சு. கீட்டோ அறை நிறைய வந்துடுச்சு, நடுவுல வெளிச்சம் போகலை. எப்படி அறுவடை பண்றது? பாட் எல்லாம் அதுலதானே இருக்கு?

பாகாயம்_உப்புத்தண்ணி | மே 30, இரவு 9.45

மூணுல ஒரு பங்கு எடுங்க. பாதிக்கு மேல எப்பவும் எடுக்காதீங்க. ஒரு வாளியில டேங்க் தண்ணி மொண்டு வெச்சுக்கிட்டு, எடுத்த பாசியை அதுக்குள்ள நல்லா உதறுங்க, துணி அலசற மாதிரி. பிழியாதீங்க. பாட் எல்லாம் வாளியில இறங்கிடும், அந்தத் தண்ணியைத் திரும்ப டேங்க்லயே ஊத்திடுங்க. அப்புறம் மீதியை மெல்லத் திருப்பி வைங்க, உள்பக்கம் இருந்தது மேல வரட்டும்.

எடுத்த பாசியை நான் நல்ல தண்ணியில அலசிட்டுத் தென்னை மரத்தடியில புதைச்சுடுவேன்.

காட்பாடி_ரீஃப் | ஜூன் 27, இரவு 10.20

ஒரு சிக்கல். பத்து நாளா கீட்டோ வளரவே இல்லை. விரலுக்கு வழவழன்னு படுது, ஒரு ஓரம் வெளுக்குது. விளக்கு அதேதான், தண்ணி 27.5. இரும்புச்சத்து விடவா?

ராணிப்பேட்டை_லேப் | ஜூன் 27, இரவு 10.35

நைட்ரேட் என்ன?

காட்பாடி_ரீஃப் | ஜூன் 27, இரவு 10.50

இப்பத்தான் பார்த்தேன். சைபர். பாஸ்பேட் 0.11. நீங்க பிப்ரவரியில எழுதினது அப்படியே நடந்திருக்கு.

ராணிப்பேட்டை_லேப் | ஜூன் 27, இரவு 11.10

பாசி பட்டினி கிடக்குது. ஃபீடிங்கைக் கொஞ்சம் கூட்டுங்க, ஸ்கிம்மரை (நுரையோட கழிவை எடுக்கற கருவி) பகல்ல நாலு மணி நேரம் நிறுத்திப் பாருங்க. ஒரு வாரத்துல 2-க்கு மேல வரலைன்னா நைட்ரேட் டோஸ் பண்ணலாம், அக்வேரியத்துக்குன்னு விக்கற கரைசல்தான் வேணும், உரக்கடைச் சரக்கு வேண்டாம். 2-லிருந்து 5-க்குள்ள நிறுத்துங்க. வெளுத்த ஓரத்தை இன்னிக்கே வெட்டி எடுத்துடுங்க, அழுகினா அதுவே கெடுக்கும்.

காட்பாடி_ரீஃப் | ஜூலை 11, காலை 6.30

ஃபீடிங் கூட்டினதுலயே நைட்ரேட் 3 வந்துடுச்சு. புது இழை கரும்பச்சையா முளைக்குது. மொறுமொறுப்பும் திரும்பிடுச்சு. நன்றி சார்.

இப்ப மாண்டரின் கேள்விக்கு வர்றேன். பாட் விட்டுப் பத்து வாரம் ஆச்சு. வாங்கலாமா?

பாகாயம்_உப்புத்தண்ணி | ஜூலை 11, காலை 7.40

இந்தக் கேள்விக்கு நான் கண்டிப்பாத்தான் பதில் சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க.

மாண்டரின் நாள் முழுக்கக் கல்லுக் கல்லாப் போய் ஒவ்வொரு பாட்டாக் கொத்திக்கிட்டே இருக்கும். கண் எதிர்ல வளர்க்கற மத்த மீன் மாதிரி காலையில ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை சாப்பாட்டுல அது வாழாது. பல மாண்டரின் உறைய வெச்ச தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 220 லிட்டர் அதுக்குச் சின்னது. சின்ன டேங்க்ல மாண்டரின் விட்டா முதல் ஒரு மாசம் அழகா இருக்கும், அப்புறம் வயிறு உள்ள ஒட்டி, முதுகு கத்தி மாதிரி ஆகி, ரெண்டாவது மாசம் ஒரு மூலையில கிடக்கும். என் ரெண்டாவது வருஷத்துல நானே ஒண்ணைப் பட்டினி போட்டுக் கொன்னிருக்கேன். கண்ணு முன்னாடி பத்து வகைத் தீனி மிதந்தும் அது செத்துச்சு. அந்தக் கண்ணு அசையறது இன்னும் எனக்கு மறக்கலை.

ராத்திரி டேங்க் விளக்கு அணைஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு, முன் கண்ணாடியில உள்ளங்கை அகலத்துக்கு டார்ச் அடிச்சு எண்ணுங்க. சம்ப்ல வேண்டாம், மேல டேங்க்ல. வாரம் ஒரு நாள், அதே இடம், அதே நேரம். எண்ணிக்கை மூணு மாசம் குறையாம நின்னா திரும்பப் பேசலாம். அப்பவும், ஏற்கெனவே உறைந்த தீனி சாப்பிடப் பழகின, முடிஞ்சா பண்ணையில பொரிஞ்ச குட்டியாப் பார்த்து, கடையில நம்ம கண்ணு முன்னாடி சாப்பிட்டா மட்டும் வாங்குங்க.

காட்பாடி_ரீஃப் | ஜூலை 11, இரவு 9.30

கோவம் இல்லைக்கா. பொண்ணுகிட்ட படிச்சுக் காட்டினேன். எண்ணற வேலையை அவளே எடுத்துக்கிட்டா, நோட்டு போட்டாச்சு. முதல் ராத்திரி 14.

ஆற்காடு_அலை | ஆகஸ்ட் 3, பகல் 12.15

வணக்கம் அண்ணா. இழை முழுக்க ரெண்டு தடவை படிச்சேன். எனக்கு 2 அடி டேங்க், சம்ப் இல்லை, பின்னாடி தொங்கற பெட்டி ரெஃப்யூஜியம் 8 லிட்டர். உங்க அறுவடையில ஒரு பிடி கீட்டோ கிடைக்குமா? டேங்க்ல ஒரு க்ளௌன் இருக்கு.

காட்பாடி_ரீஃப் | ஆகஸ்ட் 3, இரவு 8.50

தாராளமா தம்பி. காசெல்லாம் வேண்டாம். மே மாசத்துக்கு அப்புறம் புது மீன் எதுவும் நான் விடலை. இருந்தாலும் என் சம்ப் மீன் டேங்கோட சேர்ந்ததுதான். அதனால நீங்களும் டப்ல 76 நாள் வைங்க. 8 லிட்டருக்கு எலுமிச்சை அளவு போதும், அதுக்கு மேல வெச்சா தண்ணி ஓடாது. உடைகல் நாலு துண்டு நான் தர்றேன், அதுல பாட் ஏற்கெனவே குடியிருக்கு.

பொண்ணோட நோட்டுல கடைசி நாலு வாரம்: 14, 19, 17, 23.

ஆற்காடு_அலை | ஆகஸ்ட் 3, இரவு 9.05

ஞாயிறு காலையில வரட்டுமா அண்ணா? மூடி போட்ட வாளி இருக்கு.

காட்பாடி_ரீஃப் | ஆகஸ்ட் 3, இரவு 9.20

வெயில் ஏறதுக்கு முன்ன, 7 மணிக்குள்ள வாங்க. வாளி வேண்டாம், தண்ணி தளும்பும். தெர்மாகோல் பெட்டியும் பழைய பேப்பரும் கொண்டு வாங்க, நனைக்க உப்புத்தண்ணி இங்க இருக்கு.